எல்லையூர்க் கடையும் இணையத் தேடலும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாறசாலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அவ்வட்டத்தின் எல்லையோரச் சிற்றூர்களில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்ந்து வருகின்றன.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம் அன்பர்களுக்கு இந்நிலை புதிதன்று. நீங்கள் எல்லையைக் கடந்து சென்றீர்கள். அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவர்கள் பக்கத்தில் வகுக்கப்பட்டது. இரு திறத்தாருக்கும் ஒரு சிக்கல் பொதுவானது. கடைக்கோ, சங்கத்துக்கோ, தமிழ் வகுப்புக்கோ ஓர் இணையதளம் அமைக்கும்போது, எந்தப் பெயரை, எந்த எழுத்தில், எந்த இடத்தில் எழுதுவது என்பதே அது. பொருள் செலவிட்டுத் தளம் அமைத்த பின்பும், ‘எவரும் வந்து பார்ப்பதில்லையே’ என்று வருந்துவோர் பலர். அவ்வருத்தத்திற்குக் காரணம் பெரும்பாலும் தளத்தின் பக்கத்திலேயே இருக்கின்றது. பக்கத்தின் உள்ளே தள உரிமையாளர் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய திருத்தங்கள் எவை என்பதை, எல்லைப்புறத்து நெசவுக் கடை ஒன்றைச் சான்றாகக் கொண்டு இங்கே விளக்க முற்படுகின்றோம்.

நெசவுக் கடையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் பெற்றது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மரின் காலத்தில், தமிழகத்துத் தென்கோடியிலிருந்து சாலியர் குடும்பங்களை வருவித்து அங்கே குடியமர்த்தினர். திவான் உம்மிணித் தம்பி அவ்வூரை வளர்த்தவர். குழித்தறியில் அமர்ந்து, கையால் நாடா எறிந்து, மெல்லிய பருத்தி நூலில் நெய்யும் துணி அது; முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு தோன்றாதபடி இரு பக்கமும் ஒன்றுபோல் அமைவது. பாலராமபுரம் சேலைகளும் நுண்பருத்தித் துணிகளும் புவிசார் குறியீட்டுப் பதிவு பெற்றவை. இத்தனை சிறப்பு இருந்தும், இணையத்தில் ‘கேரளச் சேலை’ என்று தேடுபவரின் முன் விசைத்தறியில் நெய்து விலை மலிந்து வரும் துணி முதலில் வந்து நிற்குமானால், தறிக்குழியில் இருப்பவரின் பிழைப்பே கெடுகிறது. ஆகவே இது வெறும் கணினி நுணுக்கம் அன்று, சோற்றுக் கணக்கு.

முதலில், தேடுபொறி என்பது எவ்வாறு இயங்குகிறது? பழைய நூல்களின் இறுதியில் சொல்லடைவு ஒன்று இருக்கும். இன்ன சொல் இன்ன பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் காட்டும். தேடுபொறியின் அடிப்படை அதுவே. இடைவிடாது இயங்கும் கணினி நிரல் ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இணைப்புகளின் வழியே சென்று, கண்டதை எல்லாம் படித்து வருகிறது. படித்தவற்றிலிருந்து மாபெரும் அடைவு ஒன்று உருவாகிறது. நாம் ஒரு சொல்லைத் தட்டியவுடன் பொறி உலகம் முழுவதையும் அப்போது தேடுவதில்லை. முன்பே தொகுத்து வைத்த அடைவைத்தான் புரட்டுகிறது. பிறகு, பொருந்தும் பக்கங்களுள் எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்று முடிவு செய்கிறது. 1998-இல் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் தொடங்கிய கூகுள் நிறுவனம் இம்முடிவுக்குப் புதியதோர் அளவுகோலைக் கொண்டு வந்தது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அவ்வாறு சுட்டுபவை எத்தகையன என்பதே அது. அது பிறர் நமக்குத் தரும் நற்சான்று. நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது நம் பக்கம் ஒன்றே.

அந்தப் பக்கத்தில் எழுத்தாக இல்லாத ஒன்று சொல்லடைவில் ஏறாது. இது மிக எளிய உண்மை. ஆயினும் இதை மறந்தே பெரும்பாலான சிறு தளங்கள் அமைகின்றன. நெசவுக் கடைக்காரர் ஓணத்துக்கு அச்சிட்ட துண்டறிக்கையைப் படம் பிடித்து அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார். கடைப்பெயர், விலை, ஊர், தொலைபேசி எண் எல்லாம் அந்தப் படத்துக்குள் அழகாக இருக்கின்றன. மனிதக் கண்ணுக்கு அது முழு விளம்பரம். பொறிக்கோ அது வண்ணப்புள்ளிகளின் கூட்டம். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் திறன் இன்று கணினிக்கு வந்துவிட்டது என்பது மெய்யே. ஆனால் தேடுபொறி அதைப் பக்கத்தின் உரையாக மதித்து வரிசைப்படுத்தும் என்று நம்பியிருத்தல் தகாது. துண்டறிக்கை இருக்கட்டும், அதில் உள்ள செய்தி முழுவதையும் அதன் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்தல் வேண்டும்.

தமிழுக்கு இதனினும் மறைவான ஓர் இடர் உண்டு. ஒருங்குறி முறை பரவுவதற்கு முன் அமைந்த தமிழ்த் தளங்கள் பல, தனி எழுத்துருக்களை நம்பி எழுதப்பட்டவை. பாமினி என்னும் எழுத்துருவைப் பலரும் அறிவர். அதில் ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தோன்றுவது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே அன்றி வேறில்லை. எழுத்துரு ஒரு முகமூடி. அதை எடுத்துவிட்டால் உள்ளே தமிழே இல்லை. தேடுபொறி முகமூடியைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் அச்சகங்களிலும் சங்க அலுவலகங்களிலும் பழைய எழுத்துருப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. சங்கத்து ஆண்டு மலரிலிருந்து கட்டுரையை எடுத்துத் தளத்தில் இடும் அன்பர்கள், அது ஒருங்குறியில் உள்ளதா என்று பார்த்தே இடவேண்டும். பார்ப்பதற்கு வழி எளிது. பக்கத்திலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து, கைப்பேசியில் ஒரு செய்தியாக ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் நன்று. ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தால், அந்தப் பக்கத்தைத் தமிழ்ப் பக்கம் என்று உலகில் எந்தப் பொறியும் அறியாது. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனிப் பெயருக்கு வருவோம். எல்லையூர்களில் பெயரே பெரிய சிக்கல். இதில் சற்று நேரம் நிற்கவேண்டும்.

நெய்யாறு என்னும் ஆற்றின் கரையில் உள்ள ஊர் நெய்யாற்றின்கரை. தமிழ் அறிந்தவர் அவ்வாறே எழுதுவர். சிலர் நெய்யாற்றங்கரை என்பர். மலையாளத்தில் இரட்டித்த றகரத்தை ஒலிக்கும் முறையை ஒட்டி, ஆங்கிலத்தில் அவ்விடத்தில் ‘டி’ என்னும் எழுத்தை இருமுறை இட்டு எழுதினர். அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்துத் திரும்பவும் தமிழில் எழுதியவர்கள் ‘நெய்யாட்டின்கரா’ என்று ஆக்கிவிட்டனர். இப்போது ஆற்றையும் காணோம், கரையையும் காணோம்! பாறசாலையும் அப்படியே. பாறசாலை, பாறசாலா, பாரசாலா எனத் தமிழிலேயே மூன்று வடிவங்கள் உலவுகின்றன. ஆங்கிலத்திலும் ‘எஸ்’ ஒன்றா, இரண்டா என்பதில் வேறுபாடு காண்கிறோம். களியக்காவிளையைச் சிலர் களியிக்காவிளை என்பர்.

தேடுபவர் எந்த வடிவத்தைத் தட்டுவார் என்று நாம் ஆணையிட முடியாது. ஆங்கிலச் சொற்களின் எழுத்துப் பிழைகளைத் தேடுபொறிகள் பெரும்பாலும் தாமே உணர்ந்து திருத்திக்கொள்கின்றன. தமிழில் எழுதிய சிற்றூர்ப் பெயர்களுக்கு அத்தகைய உணர்வை அந்த அளவுக்கு எதிர்பார்த்தல் கூடாது. ஆதலின், ஊரின் சரியான தமிழ்ப் பெயரைத் தலைப்பிலும் முதற் பத்தியிலும் எழுதவேண்டும். மற்ற வடிவங்களை, ‘எங்களை அடைவது எப்படி’ என்னும் பகுதியில் இயல்பான ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடலாம். ‘நெய்யாட்டின்கரா என்று பேருந்துப் பலகையில் எழுதியிருக்கும் நெய்யாற்றின்கரையிலிருந்து’ என்று தொடங்கினால், படிப்பவருக்கும் அது உதவி, பொறிக்கும் உதவி. தவறான வடிவம் மிகுதியாக வழங்குகிறது என்பதற்காகச் சரியான பெயரையே பக்கத்திலிருந்து நீக்கிவிடுவோரும் உளர். அது நமக்கு உடன்பாடன்று. இணையத்தில் எங்கும் எழுதப்படாத பெயர், அடுத்த தலைமுறையின் நாவிலிருந்தும் மெல்ல மறையும்.

பொருள்களின் பெயரும் இவ்வாறே. கடைக்காரர் தம் பக்கத்தில் ‘முண்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். தில்லியில் உள்ள தமிழர் ‘வேட்டி’ என்று தேடுகிறார். கடைக்காரர் ‘தோர்த்து’ என்கிறார். நாகர்கோவிலார் ‘துவர்த்து’ என்கிறார். சென்னையிலிருந்து சென்று மும்பையில் குடியேறியவர் ‘துண்டு’ என்கிறார். பெண்கள் உடுக்கும் ‘முண்டும் நேரியதும்’ என்பதன் பெயரே தெரியாமல், ‘ஓணத்துக்குக் கட்டும் வெள்ளைச் சேலை’ என்று தேடுவோர் எத்தனை பேர்! நாம் விற்கும் பொருளுக்கு நாம் இட்ட பெயர் ஒன்று. வாங்க வருபவர் வாயில் உள்ள பெயர் வேறொன்று. கடையில் நேருக்கு நேர் நிற்கும்போது கையால் சுட்டிக்காட்டி இவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளலாம். இணையத்தில் சுட்டிக்காட்டும் கை இல்லை; சொல்தான் இருக்கிறது.

இதற்குக் கடைக்காரர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தொலைபேசியிலும் கடைவாசலிலும் வாடிக்கையாளர் கேட்கும் சொற்களை ஒரு மாத காலம் ஒரு குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைக்கவேண்டும். திருத்தாமல், மெருகிடாமல் எழுதவேண்டும். ‘ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குமே, அந்தச் சேலை’ என்று ஒருவர் கேட்டால் அதையும் எழுதவேண்டும். விலைகொடுத்து வாங்கும் ஆய்வுக் கருவிகளைவிட இந்தக் குறிப்பேடு சிறு வணிகருக்கு மிகுதியும் பயன்படும் என்பது நம் கருத்து.

ஆனால் அந்தச் சொற்களை எல்லாம் மூட்டை கட்டிப் பக்கத்தில் கொட்டுவதா என்றால், அதுவும் ஆகாது. இணையத்தின் தொடக்க காலத்தில் அப்படிச் செய்தவர்கள் உண்டு. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரே சொல்லை நூறுமுறை எழுதி வைத்தனர். பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாகக் குறிச்சொற்களை அடுக்குவதற்கென்றே ஓர் இடமும் இருந்தது. அவ்விடத்தில் எழுதியவற்றைத் தன் வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. மறைத்து எழுதுவதும், ஒரே சொல்லை அளவின்றித் திணிப்பதும் இன்று அந்நிறுவனத்தின் விதிகளுக்கு மாறானவை. அத்தகைய பக்கம் பின்னுக்குத் தள்ளப்படலாம், அறவே நீக்கப்படவும் கூடும். இன்றும் சில தளங்களை அமைத்துத் தருவோர் ‘குறிச்சொற்கள் ஐந்நூறு சேர்த்துத் தருகிறோம்’ என்று தனிக் கட்டணம் கேட்கின்றனர். அக்கட்டணத்தை மிச்சப்படுத்தி நூல் வாங்கலாம்.

சொற்கள் எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘டைட்டில்’ எனப்படும் தலைப்பு ஒன்று உண்டு. அது பக்கத்தின் உள்ளே தெரியும் தலைப்பு அன்று. தேடல் முடிவில் பெரிய எழுத்தில், இணைப்பாகத் தோன்றுவது. எத்தனையோ தளங்களில் இவ்விடத்தில் ‘முகப்பு’ என்றோ, ‘வருக வருக’ என்றோ எழுதி விட்டிருக்கின்றனர். வரவேற்பது நல்ல பண்புதான். ஆனால் யார் வீடு என்று தெரியாமல் யார் உள்ளே வருவர்? ‘பாலராமபுரம் கைத்தறி வேட்டி, சேலை – பாறசாலை’ என்று எழுதினால், பொருள், ஊர் இரண்டும் ஒரே பார்வையில் விளங்கும். இத்தலைப்பு நீண்டுவிட்டால் தேடல் பக்கத்தில் வெட்டுப்படும். எழுத்தின் எண்ணிக்கையைக் கொண்டன்று, திரையில் அது பிடிக்கும் அகலத்தைக் கொண்டே வெட்டு நிகழ்கிறது. தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அகலமானவை. ஆகவே முதன்மையான சொற்களை முன்னே வைத்து, கடையின் பெயரை இறுதியில் வைத்தல் நன்று. வேட்டிக்கு ஒரு பக்கம், சேலைக்கு ஒரு பக்கம், துவர்த்துக்கு ஒரு பக்கம் என இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்பு வேண்டும். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பை இடுவது, ஒரு வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே பெயர் வைப்பது போன்றது.

தலைப்பின் கீழே இரண்டு வரியில் தோன்றும் சுருக்கம், வரிசையில் நம்மை முன்னேற்றாது. ஆனால் காண்பவர் நம் இணைப்பைத் தொடுவதா, கடந்து செல்வதா என்பதை அதுவே முடிவு செய்விக்கிறது. ‘குழித்தறியில் நெய்தது, பிற மாநிலங்களுக்கு அஞ்சலில் அனுப்புகிறோம்’ என்னும் இரு செய்தி அதில் இருந்தால் போதும். சில வேளைகளில் தேடுபொறி நாம் எழுதிய சுருக்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரிகளை எடுத்துக் காட்டும். அதைத் தடுக்க முயன்று பொழுதைப் போக்கவேண்டுவதில்லை.

பக்கத்தின் உள்ளே ஒரு பெருந்தலைப்பும் அதன் கீழ்ச் சிறுதலைப்புகளும் அமையவேண்டும். பல தளங்களில் எழுத்தைப் பெரிதாக்கி, தடித்ததாக்கி விட்டுத் தலைப்பு அமைந்துவிட்டதாக எண்ணுகின்றனர். கண்ணுக்கு அது தலைப்பு. பொறிக்கு அது பருத்த எழுத்து மட்டுமே. தலைப்புக்கென உள்ள குறியீட்டைத் தேர்ந்தே இடவேண்டும். தளம் அமைக்கும் மென்பொருள்கள் அனைத்திலும் அதற்கான வசதி உண்டு. கண்பார்வை இழந்தோர் பயன்படுத்தும் வாசிப்புக் கருவிகளும் அக்குறியீட்டைக் கொண்டே பக்கத்தில் வழி கண்டுபிடிக்கின்றன.

படங்களுக்கு ‘மாற்று உரை’ என்று ஒன்று எழுதலாம். அதுவும் முதன்மையாகப் பார்வையற்றோர்க்காக ஏற்பட்டதே. கைப்பேசி தானே இட்ட எண்ணைப் பெயராகக் கொண்டு படம் கிடந்தால், அதில் உள்ளது சேலையா, மாமரமா என்பதை எவர் அறிவார்? ‘பொன்னிறக் கசவுக் கரையிட்ட பாலராமபுரம் கைத்தறிச் சேலை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் இருவருக்கும் விளங்கும். படத்தின் எடையையும் குறைக்கவேண்டும். 2016-இல் கூகுள் அறிவித்துப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டு வந்த மாற்றத்தின்படி, இன்று தளத்தின் கைப்பேசி வடிவத்தையே அது முதன்மையாகப் படிக்கிறது. கணினித் திரையில் அழகாக இருந்து, கைப்பேசியில் பாதி எழுத்து மறைந்து போனால், மறைந்த பாதி இல்லாததற்குச் சமம்.

மொழியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்துத் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று இடமளித்தது. தேடுபொறிக்கு அப்படிச் சட்டம் ஏதுமில்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்து எந்த மொழியோ, பக்கம் அந்த மொழி. நிரலுக்குள் ‘இது தமிழ்ப் பக்கம்’ என்று நாம் குறித்து வைத்தாலும், பக்கத்தின் மொழியை அறிய அக்குறிப்பைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் கூறுகிறது. அக்குறிப்பு வாசிப்புக் கருவிகளுக்குப் பயன்படும், ஆகையால் நீக்கவேண்டா. எல்லையூர்க் கடைக்காரர்கள் ஒரே பக்கத்தில் ஒரு பத்தி மலையாளம், ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று கலந்து எழுதிவிடுகின்றனர். பேச்சில் அது இயல்பு. பக்கத்திலோ, மூன்று மொழியாரும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிச் செல்லவேண்டியதாகிறது; பொறியும் எவருக்கு இதைக் காட்டுவது என்று தெளியாமல் நிற்கிறது. மூன்று மொழிக்கும் மூன்று பக்கம் அமைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புத் தருதலே முறை. இப்பக்கத்தின் தமிழ் வடிவம் இது, மலையாள வடிவம் அது என்று தேடுபொறிக்குத் தெரிவிக்கும் குறியீடு ஒன்று 2011 முதல் உள்ளது. தளம் அமைப்பவரிடம் கேட்டு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே இடுதல் வேண்டா. நெசவுக்கு உரிய ‘பாவு’, ‘ஊடை’ போன்ற சொற்களை இயந்திரம் என்னவாக்கும் என்று சொல்லமுடியாது.

பிற மாநிலத் தமிழர்க்கு இன்னொன்றும் கருதத்தக்கது. தில்லியில் நடக்கும் தமிழ் வகுப்பு தன் பக்கத்தைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைக்கிறது. அவ்வகுப்பு யாருக்காக நடக்கிறதோ, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிலேயே பலர் தமிழைப் பேசுவர், படிக்கமாட்டார். அவர்கள் ஆங்கில எழுத்திலேயே தேடுவர். வகுப்பின் பெயர், பகுதியின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றையேனும் ஆங்கிலப் பக்கம் ஒன்றில் எழுதாவிட்டால், தமிழ் தெரிந்தவரை மட்டுமே தமிழ் வகுப்புக்கு அழைத்ததாக முடியும்.

பக்கத்தின் முகவரியிலும் தமிழ் எழுதலாமா என்று கேட்பர். எழுதலாம், தேடுபொறிகள் அதை ஏற்கின்றன. ஆயினும் தமிழ் முகவரியைப் படியெடுத்து ஒருவருக்கு அனுப்பினால், அது பல இடங்களில் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக விரிந்துவிடும். ஒருங்குறியில் ‘கைத்தறி’ என்பது 7 குறிகள். ஒவ்வொன்றும் 9 எழுத்துகளாக விரிந்து 63 எழுத்துகள் ஆகிவிடுகின்றன. பெறுபவர் அதைக் கண்டு ஏதோ மோசடி என்று அஞ்சித் தொடாமலே விடுவதும் உண்டு. ஆகவே முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, சொற்களுக்கு இடையே சிறுகோடிட்டு அமைத்து, தமிழைப் பக்கத்தின் உள்ளே நிறைவாக எழுதுதல் நடைமுறைக்கு நன்று என்பது நம் எண்ணம்.

கடையின் அஞ்சல் முகவரியும் எழுத்தாகவே இருக்கவேண்டும். பாறசாலைக்கு 695502, நெய்யாற்றின்கரைக்கு 695121, எல்லைக்கு அப்பால் களியக்காவிளைக்கு 629153 என்பன அஞ்சல் குறியீட்டு எண்கள். நடந்து சென்றுவிடக்கூடிய தொலைவுதான். எண்ணோ வேறு மாநிலத்தைக் காட்டுகிறது. தேடுபவர் இருக்கும் இடத்தையும் பார்த்தே பொறி அருகிலுள்ள கடைகளைக் காட்டுகிறது. மார்த்தாண்டத்தார்க்கும் குழித்துறையார்க்கும் பாறசாலைக் கடை அண்டை வீடு போன்றது என்பதை, ‘களியக்காவிளையிலிருந்து வரும் வழி’ என்று ஒரு பத்தி எழுதித்தான் தெரிவிக்கவேண்டும்.

இவ்வளவும் செய்த பின் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது? இங்கேதான் தறிக்காரருக்கு உண்மையான வலிமை உள்ளது. விற்பனைத் தளங்கள் ஆயிரம் சேலைகளின் கீழே ஒரே மாதிரி மூன்று வரியை ஒட்டி வைக்கும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிடுவது ஏன் விடியற்காலையில் நிகழ்கிறது, நூல் எத்தனையாம் நம்பர், ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகிறது, முதல் முறை நனைக்கும்போது என்ன செய்யவேண்டும், விசைத்தறித் துணியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது என்பவற்றை அவர்களால் எழுத இயலாது, நெய்தவரால் இயலும். 2022 டிசம்பரில் கூகுள் தன் மதிப்பீட்டாளர் கையேட்டில், எழுதியவருக்கு அப்பொருளில் நேரடிப் பட்டறிவு உண்டா என்பதையும் பார்க்கவேண்டும் என்று சேர்த்தது. 2024 முதல் தேடல் முடிவுகளின் மேலே செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் விடைகளும் தோன்றத் தொடங்கியுள்ளன. அவ்விடைகளுக்கும் மூலம், யாரோ ஒருவர் தம் பக்கத்தில் எழுதி வைத்த செய்தியே. மூடி வைத்த கைத்திறனைப் பொறி கண்டுபிடிக்காது.

தளத்தின் உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இணைப்புத் தரும்போது ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதாமல், ‘கைத்தறிச் சேலையைத் துவைக்கும் முறை’ என்று செல்லுமிடத்தின் பெயரையே எழுதவேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

திருத்தங்களைச் செய்த மறுநாளே பயன் காண விழைவது இயல்பு. பொறி மீண்டும் வந்து படிக்கச் சில நாள்களும் ஆகும், சில வாரங்களும் ஆகும். கூகுள் இலவசமாகத் தரும் ‘சர்ச் கன்சோல்’ என்னும் கருவியில் தளத்தைப் பதிவு செய்துகொண்டால், எந்தச் சொற்களைத் தட்டியவர்க்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவர்களுள் எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பதைக் காணலாம். முன்னே சொன்ன குறிப்பேட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘பத்து நாளில் முதலிடம் பெற்றுத் தருகிறோம்’ என்று தொலைபேசியில் அழைப்போரிடம் விழிப்பாக இருத்தல் நன்று. முதலிடத்துக்கு எவரும் உறுதி தரமுடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

நெசவுக் கடைக்கு ஓணமே பெரும்பருவம். ஆண்டுதோறும் ஓணத்துக்கென ஒரு புதிய பக்கம் அமைத்துப் பழையதை அழித்துவிடும் வழக்கம் பலரிடம் உள்ளது. அதனால் சென்ற ஆண்டு அப்பக்கத்தைச் சுட்டிய இணைப்புகள் எல்லாம் வீணாகி, ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாகிறது. ஆண்டைக் குறிக்காத ஒரே முகவரியில் ஓணப் பக்கத்தை நிலையாக வைத்து, உள்ளே விலையையும் படத்தையும் மட்டும் மாற்றிவரவேண்டும். ஓணம் ஆவணியில் வருவது. பொறி வந்து படிக்கவும், வெளிமாநிலத்தார்க்குப் பொதி போய்ச் சேரவும் நாள் வேண்டும். ஆகவே ஆடி பிறந்தவுடனேயே அப்பக்கத்தைத் திருத்திவிடுதல் நலம்.